வாயைத் திட்டாதீர்கள்!

(சிவகாசியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘உடம்பு பெருப்பதற்குப் பெரிதும் காரணம் வாயா? மருந்தா?’ என்ற தலைப்பில், ‘மருந்தே’ என்ற அணியில் பேசிய ஆசிரியை ஒருவரின் உரை)

‘வாயே, வாயே’ என்று வாய் வலிக்கப் பேசிவிட்டு, இப்போது சத்தமில்லாமல் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணாச்சி அவர்களே! (சிரிப்பு) வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே!

நடுவர்: ஏம்மா, அது சாத்தூர்ச் சேவா?

சாத்தூர்ச் சேவேதான் ஐயா. உங்களுக்கும் ஒரு பொட்டலம் வந்திருக்கு. மேசைக்கு அடியில பாருங்க. (சிரிப்பு, கைதட்டல்)

அண்ணாச்சி பேசும்போது ஒரு கேள்வி கேட்டாங்க. ‘இந்தப் பக்கம் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தெக்க போனா சாத்தூர்ச் சேவு. இதுக்கு நடுவுல குடியிருக்கிறவன் எப்படி ஐயா இளைச்சு இருப்பான்?’ நல்ல கேள்வி. நான் மறுக்கவே இல்லை. எண்ணெய்யில பொரிச்செடுத்த பரோட்டாவை ஆறு தின்னுட்டு, ‘டாக்டர், காத்துக் குடிச்சாலே உடம்பு ஏறுது’ன்னு சொல்றவங்க எங்க வீட்டிலேயும் இருக்காங்க. என் வீட்டுக்காரர் முதல் வரிசையிலதான் இருக்கார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பிடாதீங்க. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஒருவேளைக் கஞ்சியோடு படுத்து, அப்புறமும் உடம்பு ஏறி, ஊரிடமும் உறவிடமும் பேச்சு வாங்கிய மனிதர்களைப் பற்றி. அவர்களுக்கு வக்கீல் யாரும் இல்லை. நான்தான் வந்திருக்கிறேன்.

ஐயா, இது சிவகாசி. ‘மருந்து’ங்கிற சொல்லுக்கு எங்க ஊர்ல ரெண்டு அர்த்தம். வெளியூர்க்காரங்க மருந்துன்னா மாத்திரையை நினைப்பாங்க. எங்க ஊர்ல, ‘அவர் என்ன வேலை பாக்கார்?’னு கேட்டா ‘மருந்து செலுத்துற வேலை’ம்பாங்க. டாக்டர்னு நினைச்சுறாதீங்க! (சிரிப்பு) வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கலந்த அந்தக் கலவைக்குத்தான் எங்க ஊர்ல மருந்துன்னு பேர்.

அந்த மருந்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு தெரியுமா? அதுக்கு லைசென்ஸ் குடுக்கிற வெடிபொருள் துறையோட தலைமை அலுவலகம் நாக்பூர்ல இருக்கு. ஒரு அறையில இத்தனை பேருதான் உட்காரணும், இவ்வளவு மருந்துதான் வச்சிருக்கணும், இரும்புச் சாமான் கூடாது, இந்த அறைக்கும் அந்த அறைக்கும் இவ்வளவு தூரம் இருக்கணும். பேரியம் உப்பே கூடாதுன்னு 2018-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அளவு கூடினா என்ன ஆகும்னு இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு அதைப் படிச்சிருக்கு.

அதே ஊர்ல, இன்னொரு மருந்து இருக்கே, வாயில போடுற மருந்து, அதை எப்படி வாங்குறோம்? கடையில போய் நிக்கிறோம். ‘அண்ணாச்சி, மூச்சு இரைக்குது, ஒரு செட்டு குடுங்க.’ (சிரிப்பு) செட்டு மாத்திரை! மூணு கலர்ல நாலு மாத்திரை. அட்டையை வெட்டி, சின்னப் பேப்பர்ல மடிச்சு, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு. பேர் கிடையாது, ஊர் கிடையாது. மஞ்சள் மாத்திரை வலிக்கு, சிவப்பு மாத்திரை சத்துக்கு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை எதுக்குன்னு யாரும் கேட்டதில்லை. அதுதான் ஐயா கதாநாயகன்; அதுவேதான் வில்லனும். அதுக்குப் பேர்தான் ஸ்டீராய்டு.

என் பெரியம்மா கதையைச் சொல்றேன். பேரு வேண்டாம், டி.வி.யில பேரைச் சொன்னா அடிக்க வந்துருவாக. திருத்தங்கல் பக்கம். சின்ன வயசுலேர்ந்து பட்டாசு வேலை. முதல்ல வீட்டுத் திண்ணையில குழாய் உருட்டினாக. அப்புறம் ஆலையில சரம் பின்னினாக. இருபது விரல் இருந்தாக்கூட அந்த வேகம் வராது. பெரியப்பா பேன்சி வெடிப் பக்கம். சாயங்காலம் ஆலை வண்டியில வந்து இறங்கும்போது, கையும் முகமும் வெள்ளி பூசின மாதிரி பளபளன்னு இருக்கும். அலுமினியப் பவுடர். சின்னப் பிள்ளைகள் நாங்க, ‘பெரியப்பா சாமி மாதிரி இருக்காக’ன்னு சொல்லுவோம்.

பெரியம்மாவுக்கு நாற்பது வயசைத் தாண்டினதும் இளைப்பு வந்தது. தூசியில வேலை, ஏற்கெனவே இளைப்பு உள்ள வம்சம். தீபாவளி சீசன்ல ஒருநாள் லீவு போட்டா ஒருநாள் கூலி போச்சு. அப்ப ஒருத்தி சொன்னா, ‘யக்கா, அந்தக் கடையில ஒரு செட்டு வாங்கிப் போடு.’ போட்டாக. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கின மனுஷி, மறுநாள் ராத்திரி காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாக! அந்த நிம்மதியைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வராது ஐயா. மூச்சு முட்டினவங்களுக்குத்தான் மூச்சோட அருமை தெரியும்.

அந்தச் செட்டு ஒரு வாரத்துக்கு வாங்கினது. ரெண்டு வருஷம் ஓடிருச்சு.

முகம் உருண்டையாச்சு. கன்னம் உப்புச்சு. ஊர்ல என்ன சொன்னாங்க? ‘என்ன மதினி, ஆலையில போனஸ் ஜாஸ்தியோ? முகத்துல களை கூடிருச்சே!’ பெரியம்மாவுக்கும் சந்தோஷம்தான். நடுவர் அவர்களே, சினிமாப் பாட்டுல நிலா முகம்னா காதல். ஆஸ்பத்திரியில நிலா முகம்னா கேஸ் சீட்டு! (கைதட்டல்) மருத்துவப் புத்தகத்திலேயே அந்தப் பேர்தான் இருக்காம். இந்த முகத்தையும் இந்த உடம்பையும் 1932-லேயே ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மாத்திரையே வராத காலம் அது. உடம்புக்குள்ளேயே அந்தச் சுரப்பு தாறுமாறாகக் கூடிப்போனவர்களை அவர் பார்த்தார்.

அப்புறம் வயிறு ஏறிச்சு. பிடரியில ஒரு சதைத் திரட்சி. ரவிக்கை எல்லாம் பத்தாமப் போச்சு. ஆனா கையும் காலும் குச்சி மாதிரி மெலிஞ்சுது! இதைத்தான் யாருமே கவனிக்கலை. தின்னு பெருத்த உடம்புன்னா தொடையும் கையும் சேர்ந்துதானே பெருக்கணும்? இது நடுவுல மட்டும் ஏறுது, ஓரத்துல இறங்குது. உட்கார்ந்து சரம் பின்னிட்டு எந்திரிக்கணும்னா பக்கத்துல இருக்கிறவ தோளைப் பிடிச்சுத்தான் எந்திரிச்சாக. லேசா இடிச்சாக்கூடத் தோல்ல நீலம் நீலமாக் கட்டிக்கிச்சு.

எதிரணி நண்பர்கள் கேட்கலாம், ‘மாத்திரையில என்னம்மா கலோரி இருக்கு? அரை மில்லிகிராம் மாத்திரை அஞ்சு கிலோ சதையைக் குடுக்குமா?’ குடுக்கும் ஐயா. எப்படின்னு சொல்றேன், எனக்கு மதுரையில ஒரு டாக்டர் சொன்னபடியே.

நம்ம ரெண்டு சிறுநீரகத்துக்கும் தலையில குல்லா வச்ச மாதிரி ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு. அட்ரீனல் சுரப்பி. அது தினமும் கார்ட்டிசால்னு ஒண்ணைச் சுரக்குது. விடியக்காலையில நிறைய, ராத்திரி கொஞ்சம். அதனால்தான் காலையில எந்திரிக்கத் தெம்பு வருது. ஒருநாள் முழுக்க அது சுரக்கிற வேலையை, 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் மாத்திரை ஒண்ணு செஞ்சிடும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன்னா இன்னும் வீரியம். முக்கால் மில்லிகிராமே அதுக்குச் சமம். கடுகு சிறுத்தாலும்னு நீங்க சொல்லுவீங்களே, அந்தக் கடுகு! அதை வேளைக்கு ரெண்டாப் போட்டா, உடம்புக்குள்ள எத்தனை ஆள் வேலை நடக்கும்?

முதல்ல பசியைக் கிளப்பும். சும்மா பசி இல்லை, நடுராத்திரி அடுப்படியை உருட்ட வைக்கிற பசி. அடுத்து, உப்பையும் தண்ணியையும் உடம்புக்குள்ள பிடிச்சு வைக்கும். அப்புறம் கை கால்ல இருக்கிற சதையைக் கரைச்சுச் சர்க்கரையா மாத்தும். கொழுப்பைக் கொண்டுபோய் முகத்திலேயும் பிடரியிலேயும் வயித்திலேயும் இறக்கி வைக்கும். ரத்தத்துல சர்க்கரை ஏறும். எலும்பு தேயும். ஆக, வாய்தான் தின்னுச்சு, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா வாயைத் தின்ன வச்சது யாரு? அண்ணாச்சி, திருடன் கையில சாவியைக் குடுத்தவனை விட்டுட்டுச் சாவியைத் தூக்கில போடச் சொல்றீங்களே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அப்போ அந்த மாத்திரையைக் கடல்ல கொட்டிடலாமா?

வேண்டாம் ஐயா, வேண்டாம்! அங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். நாலு எழுத்துப் படிச்சவ. ஒரு பத்திரிகையில ஸ்டீராய்டைப் பத்திப் படிச்சுட்டேன். பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அந்தப் பேப்பர் பொட்டலத்தைப் பிரிச்சேன். வெள்ளை மாத்திரையைப் பார்த்தேன். ‘இது விஷம் பெரியம்மா! இதனாலதான் உடம்பு இப்படி ஊதிக் கெடக்கு. இன்னையோட நிறுத்துங்க’ன்னு சொல்லி, எல்லாத்தையும் அள்ளிச் சாக்கடையில போட்டேன். பெரியம்மாவும் மறுப்பே சொல்லலை. ஏன்னா முந்தின வாரம்தான் சொந்தக்காரங்க கல்யாணப் பந்தியில ஒருத்தி, ‘மதினிக்கு ரெண்டு இலை போடுங்கப்பா’ன்னு சொல்லியிருக்கா. பந்தியே சிரிச்சிருக்கு. அவுக எந்திரிச்சு வந்துட்டாக. அந்தச் சிரிப்பு தொண்டையில குத்திக்கிட்டு இருந்த நேரத்துல நான் போய்ச் சொல்றேன். உடனே நிறுத்திட்டாக.

மூணாம் நாள் தலைசுத்தல். வாந்தி. எந்திரிக்க முடியலை. பித்தம்னு சொல்லி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தோம். அஞ்சாம் நாள் பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல். ஊரே திருவிழாவுல இருக்கு. இவுக வாசப்படியில மயங்கி விழுந்து கிடக்காக. கை சில்லுன்னு இருக்கு. அந்தக் கூட்டத்துல வண்டி பிடிச்சு மதுரைக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி: ‘என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? எப்ப நிறுத்தினாங்க?’ நான் பெருமையாச் சொன்னேன், ‘நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்.’ அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அப்புறம் பொறுமையா விளக்கினார். ‘வெளியிலேர்ந்து மாத்திரை வந்துகிட்டே இருந்தா, உள்ளே இருக்கிற சுரப்பி நமக்கு வேலையில்லைன்னு தூங்கிடும். மூணு வாரத்துக்கு மேல தொடர்ந்து சாப்பிட்டாலே அந்தத் தூக்கம் வரலாம். இவங்க ரெண்டு வருஷம் சாப்பிட்டிருக்காங்க. நீங்க மாத்திரையைப் பிடுங்கிட்டீங்க. சுரப்பி இன்னும் எந்திரிக்கலை. வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லைன்னா ரத்த அழுத்தம் விழுந்துடும். உயிரே போயிருக்கும்.’

எந்த மருந்தைச் சாக்கடையில கொட்டினேனோ, அதே இனத்து மருந்தை ஊசியில ஏத்தி, சலைன் ஏத்தித்தான் பெரியம்மாவைப் பிழைக்க வச்சாங்க. (நீண்ட அமைதி)

அப்புறம் பல மாசம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, மாத்திரையைக் காலாக, அரைக்காலா உடைச்சு, அந்தச் சுரப்பியைத் தட்டி எழுப்பித்தான் நிறுத்தினாங்க. சிவகாசிக்காரி எனக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா? மருந்தோட எடுத்தேன் கவிழ்த்தேன்னு விளையாடக் கூடாதுன்னு?

அதனால நடுவர் அவர்களே, நான் ‘மருந்தே’ என்று சொல்கிற அணியில் நின்றாலும் மருந்தைப் பழிக்கிறவள் அல்ல. 1948-ல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். கடைவீதிக்குப் போய் வந்தார். உலகமே அதிசயித்தது. 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டீன், ஹென்ச் மூன்று பேருக்கும் நோபல் பரிசு. 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள், குறைமாதத்தில் பிரசவமாகப் போகிற தாய்க்கு இந்த இனத்து ஊசியை முன்கூட்டியே போட்டால் குழந்தையின் நுரையீரல் பலப்படுகிறது என்று எழுதினார்கள். இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் அந்த ஊசியால் மூச்சு விடுகின்றன! கொரோனா காலத்தில், 2020 ஜூனில், ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். யாருக்கு? ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றிய நோயாளிக்கு. எவ்வளவு? நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்? லேசாக இருமினவர்களும் வாங்கிப் போட்டார்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணைப் பறித்ததே, சர்க்கரை நோயோடு இந்த மாத்திரையின் அளவற்ற உபயோகமும் அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு. சிறுநீரில் புரதம் போகிற சிறுநீரக நோய். டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார், சரியான வைத்தியம். ஒரே மாதத்தில் கன்னம் ரெண்டும் உப்பிவிட்டது. பிள்ளைகள் ‘பூரி, பூரி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். அம்மா வந்து அழுதாள். ‘டீச்சர், இவனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்குது. போட்டா முகம் இன்னும் வீங்குமோன்னு பயம், போடலைன்னா பெத்த வயிறு எரியுது.’ நான் பெரியம்மாவிடம் பட்ட அடியில் ஒரு பாடம் கற்றிருந்தேன். ‘நீயா எதையும் நிறுத்தாதே தாயி, டாக்டர்கிட்ட கேளு’ என்றேன். அவர் சொன்னதெல்லாம் எளிய காரியம். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு கொடு. உப்பைக் குறை, ஊறுகாய், அப்பளம், சேவு வேண்டாம். அண்ணாச்சி, சேவைக் கீழே வையுங்க! (சிரிப்பு) ராத்திரிப் பசிக்கு வெள்ளரிக்காய், சுண்டல் வை. வைத்தியம் முடிந்து மாத்திரையைக் குறைத்ததும் கன்னம் தானாக வடியும். அப்படியே வடிந்தது. நான் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: ‘அவன் முகத்தில் இருப்பது மருந்து. அது அவனைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு.’ அன்றிலிருந்து பூரி என்ற பேர் போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். பந்தியில் இருக்கிற பெரியவர்களுக்குத்தான் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. (கைதட்டல்)

அடுத்து, தாய்மார்கள் விஷயம். ஆண்கள் கொஞ்சம் சேவு சாப்பிடுங்கள், நாங்கள் பேசி முடித்துக்கொள்கிறோம்.

இருக்கன்குடி ஆடி வெள்ளி வருகிறது. விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வருகிறது. கல்யாணம் வருகிறது. நாள் தள்ளிப்போக மாத்திரை! மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கிறது. அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். பத்து நாளைக்கு என்று ஆரம்பிப்பார்கள். கோயிலுக்குப் பிறகு நாத்தனார் வீட்டு விசேஷம், அதற்குப் பிறகு மறுவீடு, மாத்திரை தொடரும். மார்பு கனக்கிறது, வயிறு உப்புகிறது, வளையல் இறுக்குகிறது. பெரும்பாலும் அது உடம்பில் கட்டி நிற்கிற நீர், நிறுத்தினால் இறங்கிவிடும். ஆனால் காலில் ரத்தம் உறைகிற நோய் வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. கடைக்காரர் அதைக் கேட்டாரா? அம்மனுக்குத் தெரியும் தாயி, உன்னைப் படைத்தவளே அவள்தான். அவளுக்காக நீ மாத்திரை போட வேண்டுமா என்பது என் சொந்தக் கருத்து. மாமியார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். (கைதட்டல்)

இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசி. அரசாங்கமே 2017-லிருந்து ‘அந்தரா’ என்ற பேரில் இலவசமாகப் போடுகிறது. நல்ல வசதி. ஆனால் சில பெண்களுக்கு எடை கூடும் என்பது தெரிந்த விஷயம்தான். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. போடுவதற்கு முன்பே எடை பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, கூடினால் நர்சம்மாவிடம் சொன்னால் வேறு வழி சொல்வார்கள்.

இங்கே நேர்மையாக எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். கருத்தடை மாத்திரையைப் பற்றி ஊரெல்லாம் ‘குண்டாக்கும்’ என்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள், அப்படிப் பெரிய எடை ஏற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். தைராய்டு மாத்திரை இன்னும் பாவம். சுரப்பி மந்தமானதால் எடை கூடுகிறது. அதைச் சரிசெய்யத்தான் மாத்திரை. நாம் என்ன சொல்கிறோம்? ‘தைராய்டு மாத்திரை சாப்பிட்டுத்தான் இப்படி ஆயிட்டேன்!’ தீயை அணைக்க வந்த வண்டியைப் பார்த்து, ‘இதுதான் தீ வச்சுது’ன்னு சொன்ன கதை.

நடுவர்: நீங்க எந்த அணிம்மா?

உண்மை அணி ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதற்கு நேர் எதிராக ஒரு கூத்தும் நடக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ‘பொண்ணு ஒல்லியா இருக்கே’ என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொல். உடனே உடம்பு தேற ஒரு பவுடர். ‘மூலிகை, ஒரே மாசத்துல அஞ்சு கிலோ.’ நடுவர் அவர்களே, மூலிகை எதுவும் மாதம் ஐந்து கிலோ ஏற்றாது. இப்படி விற்கிற பவுடர்களில் பலவற்றைச் சோதித்தபோது, நம்ம டெக்ஸாமெத்தசோனும், பசியைத் தூண்டுகிற சைப்ரோஹெப்டடினும் உள்ளே உட்கார்ந்திருந்தன. மணவறையில் பெண் நிலா முகத்தோடு இருக்கிறாள். ஆறு மாதம் கழித்து அதே மாமியார், ‘பொண்ணு ரொம்பத்தான் பெருத்துட்டா, வாயைக் கட்டச் சொல்லுங்க’ என்கிறார். அந்தப் பெண் எங்கே போய்ச் சொல்வாள்?

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். மருந்து அதிகாரத்தை எடுத்து, பசித்துச் சாப்பிடு, செரித்துச் சாப்பிடு, அளவோடு சாப்பிடு என்று வள்ளுவரே வாயைத்தான் சொல்கிறார் என்றார். சரி. அந்த 95-ஆம் அதிகாரத்தில் பத்துக் குறள் இருக்கிறது. அண்ணாச்சி ஏழோடு புத்தகத்தை மூடிவிட்டார்! (சிரிப்பு) கடைசி மூன்று குறளும் மருத்துவனைப் பற்றியவை. நோயைப் பார், காரணத்தைப் பார், ஆளைப் பார், காலத்தைப் பார், அப்புறம் வைத்தியம் செய் என்கிறார். முடிக்கும்போது மருத்துவத்துக்கு நாலு பங்கு என்று பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். எங்கள் ஊர்ச் செட்டு மாத்திரையில் அந்த நாலில் ஒருவரைக் காணவில்லை. மருத்துவரைக் காணவில்லை! இந்த மாத்திரைகள் எல்லாம் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது. ஆலைக் கூலியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க யாரும் நேரம் தரவில்லையே, அதுதான் குறை. தூரம் என்கிற சாக்காவது குறைந்திருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

நடுவர்: மணி அடிச்சாச்சும்மா.

ஒரே நிமிஷம் ஐயா, பெரியம்மாவை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனால் வீட்டில் சோறு கிடைக்காது.

இளைப்பு இன்னும் இருக்கிறது. இப்போது இன்ஹேலர். அதை வாங்க வைக்க நாங்கள் பட்ட பாடு! ‘பம்பு வச்சா கடைசிக் கட்டம்டி. பழக்கமாயிரும்டி. வீட்டுல பேத்தியைப் பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல இதை எவனாவது பார்த்தா?’ டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். ‘அம்மா, இதிலேயும் அந்த இனத்து மருந்துதான். ஆனா ஒரு இழுப்புக்கு 100, 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தாத்தான் ஒரு மில்லிகிராம். இது நேரா நுரையீரலுக்குப் போகுது. உடம்பெல்லாம் சுத்துறது ரொம்பக் குறைவு. இழுத்ததும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க.’ பெரியம்மா யோசிச்சுட்டுக் கேட்டாக: ‘அப்ப இது கேப் வெடி. நான் முன்னாடி முழுங்கினது அணுகுண்டு. அப்படித்தானே?’ (பலத்த சிரிப்பு, கைதட்டல்) டாக்டர் சிரிச்சுட்டு, ‘அதேதான்’ன்னார்.

முகம் பழைய முகமாச்சு. எலும்பு மட்டும் தேஞ்சது தேஞ்சதுதான். முதுகு கொஞ்சம் கூனிப்போச்சு. போன தையில ஒரு கல்யாண வீடு. பந்தியில உட்கார்ந்திருக்காக. எதிர் வரிசையில ஒரு பொண்ணு, முகமெல்லாம் உப்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இலையில ஒண்ணும் வாங்காம உட்கார்ந்திருக்கு. பக்கத்துல இருந்தவ என்னமோ சொல்ல வாயெடுத்தா. பெரியம்மா எந்திரிச்சுப் போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தாக. காதுல கேட்டாக:

‘என்ன மாத்திரை தாயி சாப்பிடுற?’

(நீண்ட கைதட்டல்)